விஞ்ஞான யுகத்தில் சடங்குகள் தேவையா?



இவ்வாண்டு எங்கள் பள்ளி இலக்கிய மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நடைபெற்றது. “இன்றைய வாழ்வுக்குச் சடங்குகள் தேவையா, தேவையற்றவையா?” என்பது தலைப்பு. “தேவையற்றவையே” என்ற அணியில் நாங்கள் மூவர் பேசினோம். சடங்குகளால் காலம் வீணாகிறது, பணம் கரைகிறது, பொருள் புரியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறோம், பக்தி குறைந்து பகட்டே மிஞ்சுகிறது என்று அடுக்கிக்கொண்டே போனோம். கைதட்டல் பலமாக எழுந்தது. நடுவராக அமர்ந்திருந்த தமிழாசிரியை எங்கள் அணிக்கே வெற்றி என்று தீர்ப்பளித்தார்கள். பின்பு புன்னகையோடு ஒரு கேள்வியும் கேட்டார்கள்: “மன்றம் தொடங்கியபோது தமிழ்த்தாய் வாழ்த்துக்கு நீங்கள் மூவரும் ஏன் எழுந்து நின்றீர்கள்? உட்கார்ந்துகொண்டே கேட்டிருக்கலாமே!”

எங்களிடம் விடை இல்லை. பரிசைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கேள்வியும் கூடவே வந்தது. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

சடங்கு என்றால் என்ன?

“சடங்கு” என்ற சொல்லைத் தலைப்பில் கண்டதும் வகுப்பில் ஒரு சிரிப்பலை எழுந்தது. நம் ஊர்ப்பக்கத்தில் அச்சொல்லுக்கு ஒரு பெண் பருவமடைந்ததும் நடத்தும் விழா என்றே பொருள் கொள்வர். அதைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம். இங்கே சடங்கு என்பதை விரிந்த பொருளில் எடுத்துக்கொள்வோம். குறித்த காலத்தில், குறித்த முறையில், ஒரு கருத்தை உணர்த்தும் வண்ணம் திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயலே சடங்கு எனலாம்.

பழக்கத்துக்கும் சடங்குக்கும் வேற்றுமை உண்டு. காலையில் பல் துலக்குவது பழக்கம். அதன் பயன் அச்செயலோடு முடிந்துவிடுகிறது. மாலையில் செபமாலை சொல்லும்போது மின்விளக்கு எரிந்துகொண்டிருக்கவே நாம் மெழுகுதிரியையும் ஏற்றுகிறோம். வெளிச்சத்திற்காகவா ஏற்றுகிறோம்? இல்லை. வெளிச்சத்துக்குத் தேவைப்படாத விளக்கை வேறொன்றை நினைத்து ஏற்றுவதே சடங்கு.

இப்படிப் பார்த்தால் சடங்குகள் கோயிலிலும் ஆலயத்திலும் மட்டும் இருப்பவை அல்ல என்பது விளங்கும். பள்ளியின் காலை வணக்கக் கூட்டம் ஒரு சடங்கு. கொடியேற்றி வணங்குவது ஒரு சடங்கு. அமைச்சர்கள் பதவி ஏற்கும்போது எடுக்கும் உறுதிமொழி ஒரு சடங்கு. பிறந்தநாளன்று மெழுகுதிரியை ஊதி அணைத்துக் கேக் வெட்டுவதும், புது மோட்டார் சைக்கிளின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதும், அதே வண்டியை நம்மவர்கள் ஆலய முற்றத்துக்குக் கொண்டுசென்று மந்திரிக்கச் செய்வதும் சடங்குகளே.

விஞ்ஞானிகளாவது இதற்கு விலக்கா என்று பார்த்தோம். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதைச் சுமந்த ராக்கெட்டின் கடுங்குளிர் இயந்திரம் சோதிக்கப்பட்டது நமக்கு அருகிலுள்ள மகேந்திரகிரியில்தான். ஏவுவதற்கு முந்தைய நாள் இஸ்ரோ விஞ்ஞானிகள் சிலர் அதன் சிறிய மாதிரியோடு திருப்பதி மலைக்குச் சென்று வழிபட்டனர். அமெரிக்காவிலோ நிலக்கடலைச் சடங்கு ஒன்று உண்டு. சந்திரனுக்கு அனுப்பிய ரேஞ்சர் விண்கலங்கள் ஆறும் அடுத்தடுத்துத் தோல்வி கண்டன. 1964 ஜூலையில் ஏழாவது கலம் புறப்பட்டபோது கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் படபடப்பைத் தணிக்க எல்லாருக்கும் நிலக்கடலை கொடுத்தார். அக்கலம் வெற்றி பெற்றது. அன்று தொட்டு அவ்வாய்வுக்கூடத்தில் முக்கியமான நேரங்களில் நிலக்கடலை வழங்குவது வழக்கமாயிற்று. கடலையால் கலம் பறக்காது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? ஆயினும் கடலையைக் கைமாற்றிக் கொள்கிறார்கள்.

ஆகவே விஞ்ஞான யுகத்தில் சடங்குகள் மறைந்துவிடவில்லை. அவை ஏன் மறையவில்லை என்பதே அடுத்த வினா.

அச்சமும் சடங்கும்

மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர் முதல் உலகப் போர்க் காலத்தில் நியூகினி அருகிலுள்ள திரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி அங்குள்ள மக்களின் வாழ்வை ஆராய்ந்தார். அவர் ஒரு புதுமையைக் கண்டார். கரையோரத்து அமைதியான கழியில் மீன் பிடிக்கச் செல்லும்போது அம்மக்கள் எந்தச் சடங்கும் செய்வதில்லை. அங்கே ஆபத்தில்லை, மீனும் நிச்சயம். ஆனால் ஆழ்கடலுக்குச் செல்லும்போது மட்டும் பல சடங்குகளைச் செய்கிறார்கள். மனிதனின் அறிவும் திறமையும் முடியும் எல்லையில் சடங்கு தொடங்குகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு அத்தீவுகள் வரை போகவேண்டியதில்லை. நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் வள்ளத்தைக் கடலில் இறக்குமுன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளும் மீனவர்களைப் பார்க்கலாம். அவர்கள் வலையைச் சீராக்காமலும் இயந்திரத்தைச் சோதிக்காமலும் சிலுவை வரைவதில்லை. எல்லாம் செய்து முடித்த பின்புதான் வரைகிறார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்களும் அப்படித்தான். பொதுத்தேர்வுக்கு முன் நடைபெறும் திருப்பலியில் எங்கள் பேனாக்களைப் பீடத்தின் முன் வைத்து ஆசீர்வாதம் பெறுவது வழக்கம். பேனாவை மந்திரித்தால் அது தானாக விடை எழுதிவிடுமா என்று பட்டிமன்றத்தில் நாங்களே கேலி செய்தோம். எழுதாதுதான். படிக்காமல் பேனாவை மட்டும் நம்புவது மூடநம்பிக்கை. ஆனால் படித்ததெல்லாம் கை நடுக்கத்தில் மறந்துபோகாமல் இருக்க ஒரு நிமிட அமைதி வேண்டும். அந்த அமைதியைத் தருவது சடங்கு. செய்யவேண்டிய உழைப்புக்குப் பதிலாக வரும்போது சடங்கு மூடநம்பிக்கையாகிறது. உழைப்பை முடித்துவிட்டு வரும்போது அது மன உறுதியாகிறது. இந்த வேற்றுமையைப் பட்டிமன்றத்தில் நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தோற்றிருப்போம்.

வாசற்படியைக் கடத்தல்

வான் கெனப் என்னும் அறிஞர் 1909ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழியில் எழுதிய நூலில், வாழ்வின் திருப்பங்களில் வரும் சடங்குகள் பெரும்பாலும் மூன்று படிகள் கொண்டவை என்று கூறினார். முதற்படி, பழைய நிலையை விட்டுப் பிரிதல். இரண்டாவது, இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் வாசற்படியில் நிற்பது போன்ற இடைநிலை. மூன்றாவது, புதிய நிலையில் மீண்டும் மக்களோடு சேர்தல். திருமணம், பிறப்பு, இறப்பு ஆகிய எல்லாவற்றிலும் இம்மூன்றையும் காணலாம்.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

எங்கள் பாட்டி 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் காலமானார்கள். நோய்த்தொற்றால் அல்ல, முதுமையால். மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது அரசு ஆணை. மற்றக் காலமாக இருந்தால் ஆலயத்தில் துக்கமணி அடித்ததும் ஊரே கூடியிருக்கும். இரவு முழுவதும் பெண்கள் முறைவைத்துச் செபமாலை சொல்லியிருப்பார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று அயல்வீட்டார் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து பரிமாறியிருப்பார்கள். சிலுவை முன்னே செல்ல, ஊர்வலமாகக் கல்லறைக்குச் சென்றிருப்போம்.

அன்று இவை ஒன்றும் நடக்கவில்லை. வளைகுடா நாட்டிலிருந்த சித்தப்பா கைப்பேசியில்தான் பாட்டியின் முகத்தைப் பார்த்தார்கள். முகக்கவசம் அணிந்த சிலர் நின்றார்கள். எல்லாம் விரைவில் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமி வேற்று மதத்தவர். பாட்டியோடு முப்பது ஆண்டுப் பழக்கம். அவர்கள் உள்ளே வர முடியாமல் ஒரு பாத்திரத்தில் கஞ்சியைக் கொண்டுவந்து மதில்மேல் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்று எங்கள் வீட்டில் நடந்த சடங்கு அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தோம். எங்களுக்கு அழுகையே வரவில்லை. பாசம் இல்லாததால் அன்று. பாட்டி எங்கோ போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்று மனத்தின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. திண்ணையில் பாட்டி அமரும் நாற்காலி அப்படியே கிடந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. அதை எடுத்து அகற்றவும் யாருக்கும் மனமில்லை.

2021 நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று ஆலயத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். பாட்டியின் பெயரும் வந்தது. பின்பு கல்லறையில் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றினோம். குருவானவர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். 2020-இல் வர இயலாதவர்கள் எல்லாரும் அன்று எங்களைச் சுற்றி நின்றார்கள். மதில்மேல் கஞ்சி வைத்த மாமியும் வந்திருந்தார்கள். அப்போதுதான் எங்களுக்கு அழுகை வந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து அழுதோம். வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா ஒன்றும் பேசாமல் போய் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள்.

வான் கெனப் கூறிய மூன்றாம் படியை நாங்கள் அன்றுதான் ஏறினோம். அதுவரை வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தோம். உள்ளத்தில் உணர்ச்சி பொங்கினால்தான் சடங்கு செய்யவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் கண்டது வேறு. உள்ளம் ஊமையாகி நிற்கும்போது அதன் கையைப் பிடித்து அழைத்துச் செல்லவே சடங்கு இருக்கிறது.

பாட்டி இதைத் தம் வழியில் முன்பே சொல்லியிருக்கிறார்கள். பாட்டியின் சிறு வயதில் பூசை இலத்தீன் மொழியில் நடந்தது. “ஒண்ணும் புரியாமல் எப்படிப் பாட்டி பூசை கண்டீர்கள்?” என்று கேட்போம். “அர்த்தம் ஒண்ணும் தெரியாது மக்களே, ஆனா உடம்பு முட்டுக் குத்தினா மனசும் கூடச் சேர்ந்து முட்டுக் குத்தும்” என்பார்கள்.

கால்கள் சொல்லும் மன்றாட்டு

உடம்பால் செய்யும் வழிபாட்டுக்கு நம் மாவட்டத்தைப்போல் சான்று கூறும் இடம் அரிது. மாசி மாதத்தில் மகா சிவராத்திரியை ஒட்டி நடைபெறும் சிவாலய ஓட்டத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். முஞ்சிறை அருகிலுள்ள திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரு சிவாலயங்களின் ஓட்டம் இது. தூரம் 100 கிலோமீட்டருக்கு மேல். காவி உடுத்து, கையில் பனையோலை விசிறி ஏந்தி, ஒவ்வோர் ஆலயத்திலும் நீராடி, ஈர ஆடையோடு இரவும் பகலும் ஓடுகிறார்கள். சிவன் கோயில்களுக்கு ஓடுகிறவர்கள் வழியெல்லாம் “கோவிந்தா, கோபாலா” என்று திருமாலின் பெயரைச் சொல்வது இதன் சிறப்பு. முடிவிடமாகிய திருநட்டாலத்தில் சிவனும் திருமாலும் ஒன்றாகிய சங்கரநாராயணர் வழிபாடு உள்ளது. பிரிந்திருந்த இரு பெயர்கள் கால்களின் ஓட்டத்தில் ஒன்றாகின்றன.

இக்காலத்தில் பலர் மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் பன்னிரண்டு ஆலயங்களையும் சுற்றிவிடுகிறார்கள். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அது பேருதவி. எது சரி என்று தீர்ப்புக் கூற நாங்கள் தகுதியுடையவர் அல்லர். ஆனால் ஒன்று சொல்லலாம். ஓடி வருபவர்களுக்கு வழியோர வீட்டார் மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். ஓடுபவர் அலுவலரா, கூலியாளா என்று ஈர ஆடையில் தெரிவதில்லை, கொடுப்பவரும் கேட்பதில்லை. வண்டியில் விரைபவருக்கோ அந்த வீடு கண்ணில் படுமுன்பே கடந்துபோய்விடும். விரைவு நமக்கு நேரத்தை மிச்சப்படுத்துகிறது; ஆனால் வழியிலுள்ள மனிதர்களையும் மிச்சப்படுத்திவிடுகிறது.

ஒரே ஆண்டில் இரு விழாக்கள்

ஓட்டம் முடியும் அதே நட்டாலத்தில்தான் 1712 ஏப்ரல் 23 அன்று புனித தேவசகாயம் பிறந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர் நீத்தார். 2022 மே 15 அன்று ரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே.

அதற்கு 52 நாட்களுக்குப் பின், 2022 ஜூலை 6 அன்று, நம் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் குடமுழுக்கு நடைபெற்றது. கோதையாறும் பரளியாறும் வளைந்து சூழும் இவ்வூரில், 16,008 சாளக்கிராமங்களைக் கொண்டு கடுசர்க்கரை யோகம் என்னும் முறையில் அமைக்கப்பட்ட 22 அடி நீளமுள்ள பெருமாள் மேற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார். திருமுகம், நடுவுடல், திருவடி ஆகியவற்றை மூன்று வாயில்கள் வழியாகவே காணமுடியும் என்று எங்கள் வகுப்பு இந்துத் தோழியர் கூறுவர். அந்தக் குடமுழுக்கு 418 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது. அன்று நம் ஊர்ச் சாலைகளில் கண்ட மக்கள் வெள்ளத்தை நாங்கள் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை.

நாங்கள் வியந்தது கூட்டத்தை மட்டுமல்ல. 1604ஆம் ஆண்டில் இங்கு நடந்ததைக் கண்டவர் எவர் இருக்கிறார்? நம் பாட்டனுக்குப் பாட்டனும் கண்டிருக்க முடியாது. அப்படியிருக்க, என்ன செய்யவேண்டும் என்று 2022-இல் எப்படி அறிந்தார்கள்? வேறு கோயில்களில் அம்முறை இடைவிடாமல் செய்யப்பட்டு, தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து மாணவனுக்கும் கைமாறி வந்ததால் அறிந்தார்கள். நம் திருப்பலியும் அவ்வாறே இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கைமாறி வருகிறது. ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கும்; செய்யத் தெரிந்த கைகள் இருந்திருக்கமாட்டா.

சடங்குகள் மாறலாமா?

அப்படியானால் முன்னோர் செய்ததை அப்படியே செய்யவேண்டுமா? இல்லை என்பதற்கு வரலாறே சான்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் பயனாகவே நாம் இன்று தமிழில் திருப்பலி காண்கிறோம். பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்கு முன்பெல்லாம் ஆண்களை மட்டுமே தேர்ந்தெடுப்பது விதி. 2016 ஜனவரியில் வெளியான ஆணைக்குப் பின் பெண்களும் அதில் இடம்பெறலாம் என்றாயிற்று. எங்கள் பங்கில் ஒரு பெரிய வியாழனன்று முந்திரி ஆலையில் வேலைசெய்யும் ஓர் அம்மாவும் அமர்ந்திருந்தார்கள். வெடிப்பு விழுந்த பாதங்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டே இருந்தார்கள். குருவானவர் முழந்தாளிட்டு அப்பாதங்களைக் கழுவி முத்தமிட்டபோது ஆலயமே அமைதியாயிற்று. சடங்கு சிதைந்துவிடவில்லை, அதன் உண்மைப் பொருள் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

சடங்கின் பெயரால் தீமையும் நடந்ததுண்டு என்பதை மறைக்கக்கூடாது. நம் ஊர் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த காலத்தில் மக்களில் பலர் தாழ்ந்த சாதியார் எனப்பட்டுக் கோயிலுக்குள் செல்லமுடியாமல் வெளியே நிறுத்தப்பட்டனர். 1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட பிரகடனமே கோயில் கதவுகளை இந்துக்கள் அனைவருக்கும் திறந்தது. நம்மவர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். மக்கள் எல்லாரும் சமம் என்று வலியுறுத்திய தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த ஆலயத்தினுள் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து வைத்த சுவர் இருந்தது. 1910ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது. ஒரே அப்பத்தைப் பகிரும் சடங்கு நடக்கும் இடத்தில் சுவர்!

இனி, தொடக்கத்தில் சிரித்த அந்தச் “சடங்கு” பற்றிக் கூறுவோம். எங்கள் தோழி ஒருத்தி பருவமடைந்தபோது அவள் வீட்டில் பெரிய விழா எடுத்தார்கள். சந்திப்பில் அவள் படத்தோடு ஆள் உயரப் பலகை வைத்தார்கள். அவளை எவரும் கேட்கவில்லை. அதற்கு முன் பல நாட்கள் தனி அறையில், தனித் தட்டோடு இருக்கச் செய்தார்கள். விழாச் செலவுக்கு வாங்கிய கடன் நெடுநாள் நீண்டது. பள்ளிக்குத் திரும்பிய பின்பும் அவள் பல நாட்கள் அச்சந்திப்பு வழியாக வராமல் சுற்றுவழியாக வந்தாள். நாங்களும் அன்று அவளைக் கேலி செய்தோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

ஒரு சிறுமியை “நீ இப்போது வளர்ந்துவிட்டாய், நாங்கள் உன்னோடு இருக்கிறோம்” என்று அணைத்துக்கொள்ள வந்த சடங்கு, அவளைச் சுற்றுவழியில் நடக்கவைத்தால் அது எப்படிச் சரியாகும்? வான் கெனப்பின் இரண்டாம் படியிலேயே அவளை நிறுத்திவிட்டு, மூன்றாம் படியை மறந்துவிட்டார்கள். தனியே வைத்தார்கள், சேர்த்துக்கொள்ளவில்லை.

மூன்று கேள்விகள்

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, எந்தச் சடங்கைக் கைக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று அறிய மூன்று கேள்விகளை வகுத்துக்கொண்டோம்.

முதலாவது: இச்சடங்கு எதை நினைவூட்டுகிறது? சென்ற ஆண்டுக் குருத்தோலையை எரித்த சாம்பலை இவ்வாண்டு சாம்பல் புதனன்று நெற்றியில் பூசும்போது, நேற்றைய ஆரவாரம் இன்றைய சாம்பல் என்பதை உணர்கிறோம். இவ்வாறு சொல்ல ஒன்றும் இல்லாமல் வெறும் பகட்டாக நின்றால் அது விளம்பரம், சடங்கு அன்று.

இரண்டாவது: இது மனிதரை ஒன்றுசேர்க்கிறதா? மதில்மேல் வைத்த கஞ்சி இரு வீட்டைச் சேர்த்தது. ஆலயத்தினுள் எழுப்பிய சுவர் ஒரே குடும்பத்தைப் பிரித்தது.

மூன்றாவது: இதனால் எவராவது தலைகுனிகிறார்களா? யாருக்காக நடத்துகிறோமோ அவரே அழுதால், அதை மாற்றவேண்டும், மாறாவிட்டால் விடவேண்டும்.

முடிவுரை

பட்டிமன்றத்தில் நாங்கள் பேசியவை எல்லாம் பொய் அல்ல. வீண் செலவும் பகட்டும் இருக்கின்றன. ஆனால் குப்பையைக் கொட்டப்போய்க் கூடையையும் சேர்த்துக் கொட்டிவிட்டோம். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஏன் எழுந்து நின்றோம் என்ற கேள்விக்கு இப்போது விடை கூற முடியும். தனித்தனியே வந்த நாற்பது பேர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும் அக்கணத்தில்தான் ஒரு வகுப்பாகிறோம். அது வாயால் சொல்லி நடப்பதன்று, நின்றால்தான் நடக்கும்.

எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிச் செபமாலை பாட்டியோடு நின்றுபோயிருந்தது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய வாரத்தில், பாட்டியின் மணிமாலையை அலமாரியிலிருந்து எடுத்து, மெழுகுதிரி ஏற்றி, தனியே முட்டுக் குத்தினோம். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார்கள். நான்காம் நாள் அப்பாவும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்கள். உண்மையைச் சொன்னால், சில நாட்களில் கொட்டாவிதான் வருகிறது. மனம் கணக்குப் பாடத்தில் திரிகிறது. ஆயினும் அந்தப் பதினைந்து நிமிடமும் நாங்கள் மூவரும் ஒருவர் அருகில் ஒருவர் இருக்கிறோம்.

சுற்றுவழியாக வந்த அந்தத் தோழியிடமும் மன்னிப்புக் கேட்டோம். இப்போது பள்ளி விட்டதும் சந்திப்பு வழியாகவே சேர்ந்து நடக்கிறோம்.

ஆகவே தோழியரே! பொருளற்ற பகட்டை அஞ்சாமல் விலக்குவோம். பொருள் உள்ளதை அறிந்து, அன்போடு செய்வோம். செய்யும்போது நம் அருகில் யார் இல்லை என்று திரும்பிப் பார்த்து, அவருக்கும் ஓர் இடம் விடுவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி